முட்டித் தேய்மானம் ரத்தத்தில் தெரியுமா?

மும்பையில் கிங்ஸ் சர்க்கிளையும் மாட்டுங்காவையும் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் பலவற்றுக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடி மாமி கறிவேப்பிலைக்குக்கூட வாட்ச்மேனை அனுப்ப ஆரம்பித்தாரென்றால், முட்டி படுத்துகிறது என்று அர்த்தம். அடுத்த வாரமே லேப் பையன் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவான். ‘ஆர்த்ரைடிஸ் ப்ரொஃபைல்’ என்று பேக்கேஜுக்குப் பெயர். ரிப்போர்ட் வந்ததும் மாமி கேட்பார்: “எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு, அப்புறம் ஏன் இப்படி வலிக்கறது?”

நம்பிக்கை: முட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

சொல்லாது. அந்தப் பேக்கேஜில் இருக்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், யூரிக் ஆசிட் எதுவும் தேய்மானத்தை அளப்பதில்லை. முடக்குவாதம், கவுட், தொற்று போன்ற வேறு நோய்களைச் சந்தேகிக்கும்போது கைகொடுப்பவை அவை. அவற்றிலும் குழப்பம் உண்டு. வயது கூடினாலோ ரத்தசோகை இருந்தாலோ ஈ.எஸ்.ஆர். ஏறும். உடல் பருமனானவர்களுக்கு சி.ஆர்.பி. சற்றுக் கூடுதலாகவே இருக்கும். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் முதியவர்கள் சிலருக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் வரும். யூரிக் ஆசிட் கூடியிருந்தும் கவுட் வராதவர்கள் ஏராளம். கவுட் வலியில் துடிக்கும் நேரத்தில் அதே யூரிக் ஆசிட் நார்மல் காட்டுவதும் உண்டு.

சாதாரணத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க டாக்டருக்குக் காதும் கையுமே பெரும்பாலும் போதும். வயது 45-ஐத் தாண்டியிருக்கிறதா, நடந்தால், படி ஏறினால் வலி கூடுகிறதா, காலையில் எழுந்ததும் வரும் விறைப்பு அரை மணிக்குள் விட்டுப்போகிறதா என்று விசாரிப்பார்.

நம்பிக்கை: எக்ஸ்ரேயில் ‘கிரேடு 4’ என்றால் ஆபரேஷன்தான்.

கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான தரவரிசை இது. அது படத்தை மட்டுமே பார்த்துப் போடும் மார்க். படம் மோசமாக இருந்தும் நன்றாக நடமாடுகிறவர்கள் உண்டு, படம் சுமார்தான் என்றாலும் வலியில் தவிப்பவர்களும் உண்டு. அன்றைய பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் 2000-இல் இடது முட்டியும் 2001-இல் வலது முட்டியும் மாற்றப்பட்டபோது வீட்டுக்கு வீடு அதே பேச்சாக இருந்தது. ஆனால் யாருக்கு மாற்றுவது என்று முடிவுசெய்யும்போது, வலியும் முடக்கமும் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு குலைத்திருக்கின்றன, மற்ற சிகிச்சைகள் பலித்தனவா என்பதையும் படத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: தேய்மானத்துக்கென்றே புது டெஸ்ட் வந்துவிட்டது.

இதில் பாதி உண்மை. குருத்தெலும்பு சிதையும்போது அதிலுள்ள இரண்டாம் வகைக் கொலாஜனின் துணுக்குகள் சிறுநீரில் கலக்கின்றன; அவற்றில் ஒன்று சி.டி.எக்ஸ்-2. காம்ப் என்ற புரதம் ரத்தத்தில் தென்படும். அமெரிக்காவில் 600 பேரின் முட்டிகளைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், சி.டி.எக்ஸ்-2 உள்ளிட்ட சில குறியீடுகளுக்கும் நோய் முற்றுவதற்கும் தொடர்பு தெரிந்தது. கூட்டமாக எடுத்துப் பார்த்தால் தெரிகிறது. தனி ஒருவரின் முட்டி என்னவாகும் என்று அடித்துச் சொல்லும் பலம் அவற்றுக்கு இல்லை.

காரணம் எளிது. துணுக்கு முட்டியிலிருந்துதான் வந்தது என்று யார் சொல்வது? இடுப்பு, முதுகு, விரல் மூட்டுகளும் அதையே உதிர்க்கின்றன. போதாததற்கு, சி.டி.எக்ஸ்-2 காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தாலே காம்ப் ஏறிவிடும்; மகேஸ்வரி உத்யான் பூங்காவில் வாக்கிங் முடித்த கையோடு ரத்தம் கொடுத்தால் வரும் எண்ணை என்னவென்று படிப்பது? மருந்து ஆராய்ச்சிக்கு இவை பயன்படும். மாமியின் முட்டிக்கு இன்னும் இல்லை.

நம்பிக்கை: மாத்திரைதான் வழி.

குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளை 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. மொத்தத்தில் பார்த்தால் வெற்று மாத்திரையைவிடப் பெரிய பலன் இல்லை. எடை குறைப்பது வேறு கதை: ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. 454 பேர் பங்கேற்ற 2013 ஆய்வில் உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலி குறைந்தது. ஐ.எல்-6 என்ற அழற்சிக் குறியீடும் அவர்கள் ரத்தத்தில் இறங்கியது.

முட்டி சிவந்து, சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், விரல் மூட்டுகள் சேர்ந்து வீங்கினாலும் ரத்தப் பரிசோதனை அவசியம். மற்றபடி யாராவது பேக்கேஜை எழுதிக் கொடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “டாக்டர், எந்த நோயைச் சந்தேகப்பட்டு இதை எடுக்கச் சொல்கிறீர்கள்?”