பழைய வேட்டைத் தோட்டாக்களை அறிந்து பேணும் முறை

சென்னைப் படைகளோடும் அவற்றுக்குச் சரக்களித்த வியாபாரிகளோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சிக்கந்தராபாத் கண்டோன்மெண்டில், திருமுல்கேரியின் பழைய வீடொன்றிலே பாட்டனாரின் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது, காகிதக் கூடும் பித்தளை அடியும் கொண்ட வேட்டைத் தோட்டாக்கள் அகப்படக்கூடும். அவற்றைக் குப்பையில் எறிவதும் வெடிக்குமா என்று பரீட்சிப்பதும் ஒன்றுபோல் அபாயமான காரியங்கள்.

முதலில், அடியின் நடுவில் கேப் எனப்படும் தீமூட்டியை எதுவும் தாக்காதபடி, தோட்டாக்களை உலர்ந்த, வெயில்படாத இடத்தில் வைத்துக் கைகளை நன்கு கழுவிக்கொள்ளுங்கள். பித்தளையைத் துலக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். துலக்கினால் எழுத்து தேயும், எண்ணெய் கேப்புக்குள் இறங்கும்.

அடுத்து, பித்தளை அடியில் பொறித்திருப்பதை வாசியுங்கள். 12 என்பது துப்பாக்கிக் குழலின் வாயளவு; இதைப் ‘போர்’ என்பர். குழலின் உள்வாய்க்குப் பொருந்தும் உருண்டையான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற பழைய கணக்கின்படி, அந்த வாய் சுமார் 18.5 மில்லிமீட்டர். காலத்தை நிர்ணயிக்க உதவுவது பெயர்தான். ஈலி, கைனாக் என்னும் இரு ஆங்கிலக் கம்பெனிகளும் 1918இல் இணைந்து, 1926இல் ஐ.சி.ஐ.யில் சேர்ந்தபடியால், ஐ.சி.ஐ. என்ற எழுத்துள்ள தோட்டா அதற்குப் பிற்பட்டதே. கே.எஃப். என்பது புனேயை அடுத்த கிர்க்கித் தொழிற்சாலையைக் குறிக்கும். சென்னை பி. ஆர் அண்டு சன்ஸ், கல்கத்தா ரோடா போன்ற அக்கால வியாபாரிகளின் பெயர் கூட்டிலோ பெட்டியிலோ அச்சாகியிருந்தால், சரித்திர மதிப்பு பன்மடங்கு உயரும். அந்தப் பெயரே எனக்குத் தோட்டாவைவிடப் பெரிய பொக்கிஷமாகத் தோன்றுகிறது.

வாய்ப்புறத்தை மூடிய அட்டை வட்டில் 6 என்றிருந்தால், உள்ளே ஏறக்குறைய 2.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டுகள் இருக்கும். குழலை விட்டு விநாடிக்குச் சுமார் 370 மீட்டர் வேகத்தில் புறப்படும் அவை, உருண்டை வடிவும் இலேசான எடையும் கொண்டமையால் காற்றில் விரைவாக வேகமிழந்தாலும், ஏறக்குறைய 200 மீட்டர் வரை சென்று விழக்கூடியவை.

ஈரம் பட்ட வெடிமருந்து பாதி எரிந்து வட்டைக் குழலிலேயே நிறுத்திவிட்டால், அடுத்த தோட்டா குழலைப் பிளந்துவிடும். 70 மில்லிமீட்டர் தோட்டாவை 65 மில்லிமீட்டர் அறையில் இட்டால், விரிய இடமின்றி அழுத்தம் அபாயகரமாக ஏறும். ஆகவே பழந்தோட்டாவைச் சுடவே கூடாது. உள்ளிருப்பதைக் காண அறுத்துப் பார்ப்பதும் கூடாது.

சேகரிப்போர் விரும்புவது கிழியாத பெட்டி, மங்காத அச்சு, அரிய வியாபாரியின் பெயர் ஆகியவற்றையே. ஆனால் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இன்றித் தோட்டாவை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தோட்டாவின் உறுப்புகளையும் அச்சட்டம் தோட்டா என்றே கருதுவதால், வெறுங்கூடாயினும் விசாரித்தறிந்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால், வாரிசுகள் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்கள். முன்கூட்டியே நிலையத்துக்குத் தகவல் தந்து, எடுத்துச் செல்லும் விதத்தை அவர்கள் சொற்படியே செய்யுங்கள்.

ஒப்படைக்குமுன் அடி, கூடு, அட்டை வட்டு, பெட்டி என ஒவ்வொன்றையும் அளவுகோலுடன் படமெடுத்து, வீட்டுப் பெரியோர் சொல்லும் விவரங்களோடு எழுதி வையுங்கள்; ஒப்படைத்ததற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.