வேலை போகும் வழியை வரைந்து பாருங்கள்

"சரக்கு விற்பனையாகிறது, ஆனால் மாத முடிவில் கையில் காசில்லை" என்பது வர்த்தகர்கள் பலரின் முறைப்பாடு. உடனே ஊழியர்களைச் சந்தேகிக்கிறோம். வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் இடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். அதைக் கண்முன் காட்டுவதே செயன்முறை வரைபடம்.

மேசனாகத் தொழில் தொடங்கிய அமெரிக்கர் பிராங்க் கில்பிரெத்தும் மனைவி லிலியனும் 1921 இல் இம்முறையை அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் முன்வைத்தனர். அச்சங்கம் 1947 இல் 5 குறியீடுகளை நியமமாக்கியது. வட்டம் வேலையையும், அம்பு இடமாற்றத்தையும், சதுரம் பரிசோதனையையும், ஆங்கில 'டீ' எழுத்து தாமதத்தையும், தலைகீழ் முக்கோணம் களஞ்சியப்படுத்தலையும் குறிக்கும்.

மொத்த வியாபாரக் கடையொன்றின் கடன் விற்பனையை உதாரணமாக எடுப்போம்.

1. ஓடர் எடுத்தல் (வட்டம்)
2. இருப்பைச் சரிபார்த்தல் (சதுரம்)
3. பில் எழுதுதல் (வட்டம்)
4. லொறியில் பொருள் செல்லுதல் (அம்பு)
5. கையொப்பமிட்ட பில் பிரதி சாரதியிடம் கிடத்தல் (டீ)
6. கடன் கொப்பியில் பதிதல் (வட்டம்)

5 ஆவது படியைக் கவனியுங்கள். சாரதி பிரதிகளைச் சேர்த்துச் சனிக்கிழமைதான் ஒப்படைக்கிறார். திங்களன்று கடனுக்கு வாங்கியவர் புதனன்று மீண்டும் கேட்கிறார். கொப்பியில் திங்கட்கிழமைக் கடன் இல்லை. எனவே எல்லையைத் தாண்டிக் கடன் போய்விடுகிறது. இங்கு யாரும் களவெடுக்கவில்லை. ஆனால் முதல் முடங்கிவிட்டது.

பில் எழுதும்போதே கொப்பியில் பதிந்து, அன்று மாலையே சாரதியின் பிரதியுடன் ஒப்பிட்டால் இக்குறை தீரும். இதற்குக் கணினி கூடத் தேவையில்லை.

வரையும்போது மூன்று விடயங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் எடுத்து, அதன் தொடக்கத்தையும் முடிவையும் தீர்மானியுங்கள். இரண்டாவது, இன்று நடப்பதையே வரையுங்கள். முதலாளி கதிரையிலிருந்து வரைவது அவரது விருப்பமாகவே இருக்கும். வேலை செய்பவரிடம் கேளுங்கள். குற்றம் பிடிப்பதற்கல்ல என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் உண்மை வெளிவராது. மூன்றாவது, ஒவ்வொரு படிக்கும் எதிரே செய்பவர் யார், எவ்வளவு நேரம், எவ்வளவு காத்திருப்பு என்று எழுதுங்கள்.

பின்னர் ஒவ்வொரு படியிலும் கேளுங்கள்: இதை நீக்கலாமா? இன்னொன்றுடன் சேர்க்கலாமா? முன்பின்னாக மாற்றலாமா? இலகுவாக்கலாமா?

உங்கள் கடையின் கடன் விற்பனையை இவ்வாரமே ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எத்தனை 'டீ' விழுகிறது என்று எண்ணுங்கள். உங்கள் பணம் காத்துக் கிடக்கும் இடங்கள் அவைதான்.