செய்தியில் வரும் தோட்டம்

மலையகத்தைப் பற்றிய செய்தியோடு பத்திரிகையில் எந்தப் படம் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் கூடையும் சிரிப்புமாகக் கொழுந்து பறிக்கும் பெண். இல்லையேல் கூரை ஒழுகும் லயம். மாத்தளைத் தோட்டங்களில் கொக்கோவும் றப்பரும் மிளகும்கூட விளைகின்றன. பட்டணத்தில் கடை நடத்துபவரும் பாடசாலையில் கற்பிப்பவரும் அதே சமூகத்தில் உண்டு. படம் மட்டும் மாறுவதில்லை.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நம் மாவட்டத்திலிருந்து இரண்டு செய்திகள் வெளிவந்தன. அவற்றை அருகருகே வைத்துப் படிப்போம்.

முதலாவது, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம். ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவுற்றது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே மாத்தளையை அடைந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூரவே இந்த நடை.

இரண்டாவது செய்தி, ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தது. அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது.

இத்தகைய நிகழ்ச்சிக்கு ‘தோட்டக் காணியில் கட்டிய குடில் அகற்றம்’ என்று தலைப்பிடலாம். ‘ஏழைக் குடும்பத்தின் வீடு உடைப்பு’ என்றும் தலைப்பிடலாம். முதல் தலைப்பில் குடும்பத்தைக் காணோம். இரண்டாவது நம் இரக்கத்தைத் தூண்டுகிறது. ஆனால் காணியின் கதையை அதிலும் காணோம்.

அந்தக் கதை நீண்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இதனிடையே, 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினார்கள், கொடி மாறியது; லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவனின் கைக்குக் காணி உறுதி வரவில்லை. மகனுக்குக் கலியாணமானால் பக்கத்தில் ஓர் அறை இறக்குவதற்கும் தோட்டத்தின் அனுமதி வேண்டும். இதைச் சொல்லாத செய்தி, நான்கைந்து தலைமுறை வாழ்ந்தவரை நேற்று வந்து குந்தியவராகக் காட்டிவிடுகிறது.

பெயரும் அப்படியே. ‘இந்தியத் தமிழர்’ என்ற தனிப் பகுப்பு 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வந்தது. நூறாண்டுக்குப் பின்னும் எழுத்தில் நிலைக்கிறது. ‘தோட்டக்காட்டான்’ என்பதை இன்று எந்த ஆசிரியரும் அச்சிடத் துணியார். நம் வீட்டுப் பேச்சில் அது வருகிறதா என்பதை நீங்களே அறிவீர்கள்.

அடுத்த முறை தோட்டத்துச் செய்தி வந்தால் பிள்ளைகளை அருகில் அழைத்து, அதில் யார் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று கோடிடச் சொல்லுங்கள். அதிகாரி பெயரோடும் பதவியோடும் பேசுவார். மற்றவர்கள் ‘தொழிலாளர்கள் தெரிவித்தனர்’ என்பதற்குள் அடங்கிவிடுவார்கள். அப்படியிருந்தால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தோட்டத்தில் இருப்பவர்களும் எழுதுங்கள், பதில் தோட்டக் காரியாலயத்தின் வழியாகத்தான் உங்கள் கைக்கு வரும் என்றாலும்.