போசாக்குக் குளிசைகளும் அன்றாட உணவும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் பெரியோர். அச்செல்வத்தைப் போத்தலில் அடைத்து விற்கும் காலம் இது. க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள் நெருங்கும்போது, பிள்ளை களைத்துப் போகிறாளே என்ற கவலையில் பல பெற்றோர் மருந்துக் கடைக்குச் சென்று விலையுயர்ந்த விற்றமின் குளிசைகளை வாங்கி வருகின்றனர். 'அன்டிஒக்சிடன்ட் நிறைந்தது' என்ற வாசகம் அப்போத்தல்களில் பெரிய எழுத்தில் இருக்கும். இக்குளிசைகள் யாருக்குப் பயன் தருகின்றன, யாருக்குத் தேவையில்லை என்பதை அறிவது எம் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

ஒட்சியேற்ற எதிரி என்றால் என்ன?

வெட்டி வைத்த கத்தரிக்காய் சிறிது நேரத்தில் கறுத்துப் போவதைச் சமையலறையில் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் அதன் மீது தாக்கம் புரிவதே காரணம். தேசிக்காய்ச் சாறு தடவினால் அந்த நிறமாற்றம் தாமதமாகும். சாற்றின் புளிப்பும் அதிலுள்ள விற்றமின் சீயும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன.

எமது கலங்களிலும் ஒட்சியேற்றம் நிகழ்கிறது. உணவிலிருந்து சக்தியைப் பெறும்போது, சோடி சேராத இலத்திரனைக் கொண்ட சுயாதீன மூலிகங்கள் தோன்றுகின்றன. இவை அளவுக்கு மீறினால் கல மென்சவ்வையும் டீஎன்ஏயையும் பாதிக்கும. அவற்றுக்கு இலத்திரனை வழங்கி அடக்கும் பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள். விற்றமின் சீ, விற்றமின் ஈ, கரட்டுக்கு நிறம் தரும் பீற்றா கரோட்டின், தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. உடலும் தானாகவே சில ஒட்சியேற்ற எதிரிகளை உற்பத்தி செய்கிறது.

இங்கு ஒன்றை மறந்துவிடக் கூடாது. சுயாதீன மூலிகங்கள் முழுவதும் பகைவர்கள் அல்லர். எமது வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்ல இவற்றையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. ஆகவே உடலுக்கு வேண்டியது சமநிலையே.

இரண்டு ஆய்வுகள் தந்த பாடம்

மரக்கறியும் பழமும் அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக ஏற்படுவதை ஆய்வாளர்கள் அவதானித்தனர். பீற்றா கரோட்டினைக் குளிசையாகக் கொடுத்தால் அதே நன்மை கிட்டும் என எதிர்பார்த்தனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டு வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. புகைப்பவர்கள், கல்நார்த் தொழிலாளர் ஆகியோரிடையே அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வும் இதே போக்கைக் காட்டியதால், 1996இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது.

இம்முடிவுகள் பெரும்பாலும் புகைப்பவர்களுக்கு உரியவை என்பது உண்மை. ஆயினும், உணவில் நன்மை செய்யும் ஒரு பொருளைத் தனியே பிரித்துப் பெருமளவில் விழுங்கினாலும் அதே நன்மை கிடைக்கும் என்ற எண்ணம் பிழையானது என்பதை இவை உலகுக்கு உணர்த்தின. கரட்டை உண்ணும்போது நார்ச்சத்தும் கனியுப்புக்களும் பல்வேறு தாவரப் பொருள்களும் சேர்ந்தே உடலுக்குள் செல்கின்றன. குளிசையில் அந்தக் கூட்டு இல்லை.

குளிசை அவசியமாகும் இடங்கள்

இதனால் எல்லாக் குளிசைகளும் வீண் என்று முடிவு செய்துவிடலாகாது. கருத்தரிப்பதற்கு முன்னரே தொடங்கி போலிக் அமிலக் குளிசை எடுத்தால், குழந்தையின் முள்ளந்தண்டிலும் மூளையிலும் ஏற்படும் பிறவிக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படுகின்றன. இது 1991இல் வெளியான ஆய்வொன்றில் ஐயமின்றி நிறுவப்பட்டது. பாடசாலைகளில் வாரம் ஒருமுறை வழங்கப்படும் இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசையும் இத்தகையதே. 'வயிற்றைக் குமட்டுகிறது' என்று சொல்லி அதை ஒளித்து வைப்போரும் வீசுவோரும் எம்மிடையே உண்டு. இலவசமாகக் கிடைக்கும் அதனை வீசிவிட்டு, ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வேறொன்றை வாங்குவது எவ்வளவு முரண்!

பருவமடைந்த பெண்பிள்ளைகள் மாதந்தோறும் குருதியுடன் இரும்புச்சத்தையும் இழக்கின்றனர். அது போதாவிட்டால் களைப்பு, தலைசுற்று, மூச்சு வாங்கல், பாடத்தில் கவனமின்மை என்பன தோன்றும். அதைச் சோம்பல் என்று ஏசுவோரும் உளர். அந்தப் பிள்ளைக்குத் தேவை ஏச்சல்ல. ஓர் எளிய இரத்தப் பரிசோதனை.

பரிசோதனையை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. எமது நாட்டில் தலசீமியா எனும் பரம்பரை நோய் காணப்படுகிறது. அதிலும் குருதிச்சோகை ஏற்படும். ஆனால் அதற்கு இரும்புச்சத்துக் குறைபாடு காரணமல்ல. அத்தகையோரின் உடலில் மிகையான இரும்பு படிந்து ஈரலையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும். எனவே தலசீமியா உள்ளவர்கள் இரும்புக் குளிசை எடுக்குமுன் வைத்தியரிடம் அதைத் தெரிவித்தல் வேண்டும்.

தேநீரும் தேசிக்காயும்

பகலுணவு முடிந்த கையோடு ஒரு பிளேன்டீ குடிப்பது பல வீடுகளில் வழக்கம். தேயிலையின் பொலிபீனோல்கள் ஒட்சியேற்ற எதிரிகள் என்று கண்டோம். அதே பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புடன் பிணைந்து, அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடுகின்றன. நல்லதெனப் பெயர்பெற்ற ஒன்று, தவறான வேளையில் வந்தால் இன்னொரு நன்மையைத் தடுக்கிறது. மாறாக, விற்றமின் சீ அந்த இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவுகிறது. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழியும் எம் உம்மாமாரின் கைப்பழக்கத்தில் நல்ல இரசாயனவியல் இருக்கிறது!

விற்றமின் சீக்காகவும் கடைக்கு ஓடத் தேவையில்லை. பதின்ம வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் போதும். 100 கிராம் கொய்யாப் பழத்திலேயே ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. மிகுதியாக எடுக்கும் விற்றமின் சீ பெரும்பாலும் சிறுநீருடன் வெளியேறிவிடும். ஆனால் கொழுப்பில் கரையும் ஏ, டீ போன்ற விற்றமின்கள் உடலில் தேங்குவதால், அவற்றை மிகையாக எடுப்பது நஞ்சாகவும் மாறலாம்.

நாம் செய்யக்கூடியவை

• உணவுக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள்.
• கீரை, பருப்பு உண்ணும் வேளையில் தேசிக்காய், கொய்யா, நெல்லி, தோடம்பழம் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொள்ளுங்கள். இறைச்சி, ஈரல், மீன் என்பவற்றிலுள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படும்.
• இரும்புக் குளிசையைத் தேநீருடனோ பாலுடனோ விழுங்க வேண்டாம். வயிறு குமட்டினால் உணவுக்குப் பின் எடுங்கள்.
• நீடித்த களைப்பு இருந்தால் முதலில் பரிசோதனை, பின்னர் வைத்திய ஆலோசனை, அதன் பின்னரே குளிசை.

அன்பு மாணவிகளே, நாளைய குடும்பங்களின் உணவைத் தீர்மானிக்கப் போகிறவர்களில் நீங்களும் உள்ளீர்கள். பளபளக்கும் போத்தலை வாங்குமுன், 'எனக்கு உண்மையில் எது குறைவாக இருக்கிறது?' என்று கேட்கப் பழகுங்கள். விடை பல வேளைகளில் வீட்டு முற்றத்துக் கொய்யா மரத்திலும், சில வேளைகளில் பாடசாலை தரும் அந்தச் சிறு குளிசையிலும் இருக்கும்.