ஸ்மித் என்றால் கொல்லன்

ஸ்மிதி ஷாப்பில் வட்டக் கம்பியைச் சதுரமாக அடித்துக் கை கொப்பளித்தவர்கள்தான் நாம் எல்லோரும். அந்த 'ஸ்மிதி'யும், லட்சக்கணக்கான வெள்ளைக்காரர்கள் (கறுப்பர்களும்தான், பின்னால் வருகிறேன்) பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் 'ஸ்மித்'தும் ஒரே வேரில் வந்தவை. ஸ்மித் என்றால் கொல்லன்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பின் சுமார் முந்நூறு ஆண்டுகளில்தான் அங்கே குடும்பப் பெயர் மெல்ல மெல்ல நிலைத்தது. அதற்கு முன் ஜான் என்றால் வெறும் ஜான்தான். ஒரு ஊரில் பத்து ஜான் இருந்தால் வரி வாங்க வருகிறவன் என்ன செய்வான்? கொல்லன் ஜான், தச்சன் ஜான், ஆற்றங்கரை ஜான் என்று எழுதிக்கொண்டான். 1379ஆம் ஆண்டுத் தலைவரி ஏடுகளில் பலருக்குத் தொழிலே பெயராக நிற்கிறது. பிறகு கொல்லனின் மகன் ரொட்டி சுட்டாலும் ஸ்மித்தாகவே இருந்துவிட்டான்.

இங்கே ஒரு கேள்வி வரும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பெரும்பாலோர் உழவர்கள். அப்படியானால் 'உழவன்' அல்லவா முதலிடத்தில் இருக்க வேண்டும்? இல்லை. ஊரே உழும்போது 'உழவன் ஜான்' என்றால் யார் என்று தெரியும்? கொல்லன் ஊருக்கு ஒருவன், ஆனால் எல்லா ஊரிலும் ஒருவன். அதனால்தான் பெயர் இவ்வளவு பெருகியது என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

இன்று இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதுவே முதலிடம். 2010 அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஸ்மித்துகள் 24 லட்சத்துக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 23 பேர் கறுப்பர்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்தபோது சிலர் பழைய எஜமானின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் தாங்களே ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்மித்துகள் பலரும் ஸ்மித் ஆனார்கள். போலந்தின் கோவால்ஸ்கி, ஹங்கேரியின் கோவாச், ரஷ்யாவின் குஸ்னெத்சோவ், அரபு நாடுகளின் ஹத்தாத், எல்லாம் கொல்லன் வகையறாவே. நாம் படம் ஒட்டிவைக்கிற ஃபெராரி காரின் பெயரும் அப்படித்தான்!

நான் சொல்ல வந்த விஷயம் வேறு. பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில், குண்டூசி செய்யும் வேலையைப் பதினெட்டுப் பகுதியாகப் பிரித்துக் காட்டினார். அவருடைய அப்பா ஸ்காட்லாந்தில் சுங்க அதிகாரி. அவர்கள் வம்சத்தில் சம்மட்டியைக் கீழே வைத்தது எந்தத் தலைமுறை என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். அப்பா இன்றும் அரிவாள் அடிக்கிறார். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ கிடைத்தது என்றதும் ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஆசாரி மவன் இரும்படிக்கதுக்குப் படிப்பு வேற வேணுமாடே?" என்றார். கேலிதான். ஆனால் லண்டனில் ஒரு ஸ்மித் எந்தப் படிப்புக்குப் போனாலும் இதைக் கேட்கப்போவதில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சாதிப் பட்டத்தை விட வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது நல்ல காரியம். அப்பா பெயரின் முதல் எழுத்து போதும் என்றாகிவிட்டது. அது அடுத்த தலைமுறைக்குப் போகாது. என் மார்க் ஷீட்டில் தாத்தாவின் பெயர் எங்கேயும் இல்லை. சாதிச் சான்றிதழில் அவர் தொழில் மட்டும் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது.

டர்னர் என்பதும் ஆங்கிலேயக் குடும்பப் பெயரே. கடைசல்காரன் என்று பொருள். அதைப் பற்றி லேத்திலேயே குடியிருக்கும் நண்பர்கள் அடுத்த மலரில் எழுதட்டும்.