காற்றை எதிர்த்த கோபுரம்

கேள்வி: சிகாகோவின் ஸியர்ஸ் கோபுரம் நூறு மாடிகளுக்கு மேல் எழும்பியும் பெருங்காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்பது எங்ஙனம்? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: உயரம் ஏற ஏற, கட்டடத்தின் சொந்தப் பாரத்தைவிடக் காற்றின் வேகமே அதற்குப் பிரதான சத்துருவாகிறபடியாலும், பழைய முறையில் அதைத் தடுக்க முயன்றால் உருக்கின் செலவு கட்டுக்கடங்காமல் போய்விடுமாகையாலும், டாக்காவில் பிறந்த பொறியியல் மேதை பஸ்லூர் ரஹ்மான் கான், கட்டடச் சிற்பி புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து ஒரு நூதன மார்க்கத்தைக் கண்டார். தூண்களும் உத்தரங்களும் பின்னிய, 75 அடிச் சதுரமுள்ள ஒன்பது குழாய்களை, மூங்கில் கத்தையைப்போல, வரிசைக்கு மூன்றாக நெருக்கி, காற்றை அவை ஒன்றாய் எதிர்க்கும்படி பிணைத்துவிட்டார். அவற்றுள் இரண்டு 50ஆம் மாடியிலும், இரண்டு 66ஆம் மாடியிலும், மூன்று 90ஆம் மாடியிலும் நின்றுவிட, எஞ்சிய இரண்டு மட்டுமே 1,450 அடி உச்சியை எட்டுகின்றன.

வேலை நடந்த விதம் அதனினும் ரசமானது. இரண்டு மாடி உயரமுள்ள தூணும், அதன் இருபுறமும் கைகளைப்போல் நீளும் பாதி உத்தரங்களும் பட்டறையிலேயே பற்றவைக்கப்பட்டு வந்தன. அழுத்தம் மிகக் குறைவாக உள்ள உத்தரத்தின் நடுமத்தியில் மட்டும் மறையாணி கொண்டு முடுக்கினால் போதும், அபாயகரமான அந்தரத்தில் பற்றவைக்கும் சிரமம் பெரும்பாலும் ஒழிந்தது. அவ்வளவு உயரமிருந்தும், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிடச் சதுர அடிக்குக் குறைந்த உருக்கே செலவாயிற்று. இதையே நான் கானின் உண்மையான சாதனையாகக் கருதுகிறேன், 1998 வரை நீடித்த உலகிலேயே உயர்ந்தது என்ற கீர்த்தியை அன்று. இப்போது ஸியர்ஸ் கோபுரத்துக்கு வில்லிஸ் கோபுரம் என்று பெயர்.