வண்டி வெடிக்கிறது, இழுக்கவில்லை: பழைய பெட்ரோல் வண்டிக்கு ஒரு பாடம்



நம் தொழிலுக்குத் தராசு எப்படியோ, சரக்கு வண்டியும் அப்படித்தான். அது ஒரு நாள் நின்றால் கடைகளுக்குப் போட வேண்டிய சரக்கும் நின்றுவிடும். வாடகை வண்டி பிடித்தால் அன்றைய லாபம் வாடகைக்கே சரியாகிவிடும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி ஆம்னி இன்னும் பல கடைகளில் உழைத்துக் கொண்டிருக்கிறது. 1984-ல் மாருதி வேன் என்று வந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. இருப்பதைப் பேணித்தான் ஓட்ட வேண்டும்.

இவ்வண்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை, "பட்டென்று வெடிக்கிறது, லோடு ஏற்றினால் இழுக்கவில்லை" என்பதுதான். அதற்கான காரணங்களையும், அவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்பதையும் இங்கே சொல்கிறோம். டீசல் வண்டிக்கு இந்தப் பாடம் பொருந்தாது. அதில் கார்பரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது.

1. சத்தம் எங்கிருந்து வருகிறது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. முன் சீட்டுக்கு அடியில், கார்பரேட்டர் பக்கம் வெடித்தால் ஒரு கணக்கு. பின்னால் சைலன்சரில் வெடித்தால் வேறு கணக்கு.

கார்பரேட்டர் பக்கம் வெடித்தால், பெரும்பாலும் காற்றுக்குத் தக்க பெட்ரோல் வரவில்லை என்று பொருள். ஜெட் அடைப்பு, பெட்ரோல் பில்டர் அடைப்பு, கார்பரேட்டருக்குக் கீழே கேஸ்கட் விட்டுக் காற்று புகுதல், வெடித்துப்போன வேக்குவம் குழாய் ஆகியவை காரணமாகும். டைமிங் தவறினாலும், உள்வாங்கும் வால்வு சரியாக மூடாவிட்டாலும் அதே பக்கம்தான் வெடிக்கும்.

சைலன்சர் பக்கம் வெடித்தால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சூட்டில் எரிகிறது என்று பொருள். பிளக்கில் பொறி விட்டு விட்டு வருவது, சோக் முழுதும் திறக்காமல் நிற்பது, ஏர் பில்டர் அடைப்பு, சைலன்சர் இணைப்பில் ஓட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. எப்போது வருகிறது?

காலையில் நன்றாக ஓடி, சூடானபின் மிஸ்ஸிங் ஆனால், பாயிண்ட் வைத்த வண்டியில் கண்டென்சரையும் இக்னிஷன் காயிலையும் சந்தேகிக்கலாம். நிற்கும்போது ஒழுங்காக ஓடி, லோடுடன் மேம்பாலம் ஏறும்போது மட்டும் திணறினால் பெட்ரோல் போதவில்லை. பில்டரையும் பெட்ரோல் பம்பையும் பாருங்கள். அப்படித் திணறும்போது டாங்கி மூடியைத் திறந்தவுடன் வண்டி தெளிந்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அறியலாம். இதற்குச் செலவே இல்லை.

பிளக் மாற்றிய மறுநாளே வெடிப்பு தொடங்கினால், ஒயர்கள் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். இந்த மூன்று சிலிண்டர் இஞ்சினில் பொறி வரும் வரிசை 1-3-2. ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று வலுவிழந்து வெடித்தால், டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. மலிவானதை முதலில் பாருங்கள்

ஏர் பில்டர்: நம் பக்கத்துச் செம்மண் தூசியில் இது விரைவில் அடைத்துக் கொள்ளும்.

பிளக்: கழற்றி நிறம் பாருங்கள். வறுத்த மல்லி நிறம் இருந்தால் நலம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் கூடுதல் அல்லது பொறி பலவீனம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. மூன்றில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் குறை அந்தச் சிலிண்டரில்தான். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால், மூன்று பேர் சுமக்கும் மூட்டையை இரண்டு பேர் சுமப்பது போலாகும்.

ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர்: இருட்டில் இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் ஒயரில் பொறி கசிவது கண்ணுக்குத் தெரியும். கையால் தொட வேண்டாம்.

இவ்வளவும் சரியென்றால்தான் டைமிங், கார்பரேட்டர், பம்பு. சைலன்சர் உள்ளே கரி அடைத்திருந்தாலும் இழுவை போகும். கடைசியாக கம்ப்ரஷன். ஒரு சிலிண்டரில் அளவு மிகக் குறைவாக இருந்தால், அதில் ஒரு கரண்டி இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இஞ்சின் இறக்கும் பேச்சு இந்தச் சோதனைக்குப் பிறகே வர வேண்டும்.

4. பெட்ரோலும் மாறியிருக்கிறது

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவி தயாரித்தது. கரிவாயுவில் வண்டி ஓடும். ஆனால் பெட்ரோலின் இழுவை வராது. இஞ்சின் அதேதான், எரிபொருள்தான் வேறு.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1 கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 1 கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். வெறும் பெட்ரோலுக்கென்று அளவு வைத்த பழைய கார்பரேட்டர் இதைத் தானாகச் சரிசெய்து கொள்ளாது. ஆகவே கலவையில் காற்று சற்றுக் கூடிவிடுகிறது. ஏற்கனவே பாதி அடைத்த ஜெட்டில் அது வெடிப்பாகத் தெரியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும். குழாய்களை மாற்றுங்கள், பல நாள் நிறுத்தும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேங்கவிட வேண்டாம்.

காஸ் கிட் உள்ள வண்டியை இரண்டு எரிபொருளிலும் ஓட்டிப் பாருங்கள். காஸில் மட்டும் வெடித்தால் குறை பெரும்பாலும் காஸ் பக்கம். வீட்டு உபயோக சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

5. எச்சரிக்கை

கார்பரேட்டர் வழியே வெடிக்கும்போது தீ நாக்கு வெளியே வரும். ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டக் கூடாது. கையால் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. ஆம்னியில் இஞ்சினுக்கு மேல் நாம் உட்கார்ந்திருக்கிறோம். பின்னால் எண்ணெய் டின்னும் தீப்பெட்டிப் பண்டலும் இருக்கின்றன. வெடிக்கும் வண்டியில் லோடு ஏற்றாதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

6. பட்டறைக்குப் போகும்போது

நம் வட்டாரத்து மளிகைக்காரர் ஒருவர், தீபாவளி வியாபார நேரத்தில் ஒரே தடவையில் கார்பரேட்டர், பம்பு, பிளக் மூன்றையும் மாற்றினார். வெடிப்பு நிற்கவில்லை. முடிவில் கண்டென்சர் ஒன்றை மாற்றியதும் சரியாயிற்று. மற்ற மூன்றுக்கும் கொடுத்த பணம் திரும்பவில்லை. வாடகை வண்டிச் செலவு தனி.

கணக்கில் வித்தியாசம் வந்தால் பேரேட்டையே கிழித்துவிட்டா புதிதாக எழுதுகிறோம்? வரி வரியாகத்தான் சரிபார்க்கிறோம். வண்டிக்கும் அதே முறைதான். சத்தம் எந்தப் பக்கம், சூட்டிலா குளிரிலா, லோடிலா காலியிலா, கடைசியாக எப்போது என்ன வேலை பார்த்தது, எந்த நாளில் தொடங்கியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பாகம் மாற்றி, லோடுடன் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, தேதியும் செலவும் குறித்து வையுங்கள். அடுத்த முறை குறை வரும்போது அந்தக் குறிப்பே பாதி வேலையை முடித்துவிடும்.